பிரஷர் உள்ளவர்கள் மூச்சைப் பழகுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இடது உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை மடியில் வையுங்கள். கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில், வலது கையின் மூன்று விரல்களை மெல்லப் பதியுங்கள். நாடி தட்டுப்பட்டதும் மூக்கு வழியாக மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். நாலைந்து மூச்சுக்குள் ஒரு விஷயம் பிடிபடும். இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கி வருகின்றன; விடும்போது இடைவெளி கூடுகிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது பளிச்சென்று தெரியும். அறுபதைத் தாண்டியவர்களுக்கும் நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கும் லேசாகத்தான் தெரியும், சிலருக்குத் தெரியவே தெரியாது. அதற்காகப் பயப்பட வேண்டாம், வயதோடு இந்த ஏற்ற இறக்கம் குறைவது இயல்பு.

1847-இல் ஜெர்மானிய உடலியல் அறிஞர் கார்ல் லுட்விக் இதைக் கருவி வைத்துக் கோடாக வரைந்து காட்டினார். இதயம் நம் சொல்லைக் கேட்காது. ரத்த அழுத்தமும் கேட்காது. ஆனால் மூச்சு பாதி தானாக நடக்கும், பாதி நாம் சொன்னபடி நடக்கும். அதனால் அதன் வழியாக மற்ற இரண்டையும் கொஞ்சம் தொட முடிகிறது. அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு, அதைப் பத்திரமாகப் பெறுவது எப்படி என்பதைத்தான் படிப்படியாகச் சொல்லப் போகிறேன். முக்கியமான சேதியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பலன் அதிகமும் மூச்சை விடுவதில்தான் இருக்கிறது, இழுப்பதில் இல்லை. இன்னொன்று, மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்தக் கூடாது.

உள்ளே என்ன நடக்கிறது

மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் கீழே இறங்குகிறது. நெஞ்சுக்குள் அழுத்தம் குறைவதால் உடம்பிலிருந்து திரும்பும் ரத்தம் இதயத்தின் வலப்பக்கத்துக்குக் கூடுதலாக வருகிறது. அதே நேரத்தில் விரிந்த நுரையீரல் கொஞ்சம் ரத்தத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்வதால் இடப்பக்கத்துக்குப் போவது சற்றுக் குறைகிறது. அதனால் இழுக்கும் அந்தச் சில வினாடிகளில் பிரஷரின் மேல் அளவு லேசாக இறங்கும், விடும்போது பழையபடி ஏறும். ஆரோக்கியமானவருக்கு இந்த வித்தியாசம் 10 மி.மீ.க்குள் இருக்கும். கடுமையான ஆஸ்துமாவிலும், இதயத்தைச் சுற்றி நீர் கோத்து அழுத்தும்போதும் அதற்கு மேல் போகும், டாக்டர்கள் அதை ஒரு அபாய அறிகுறியாகவே பார்ப்பார்கள்.

நாடி மாறுவதற்குப் பெரிய காரணம் வேகஸ் நரம்பு. மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் பத்தாவது. இதயத்தின் வேகத்தைப் பிடித்து நிறுத்தி வைப்பது இதன் வேலை. இழுக்கும்போது மூளை அந்தப் பிடியைத் தளர்த்துகிறது, இதயம் ஓடுகிறது. விடும்போது பிடி இறுகுகிறது, இதயம் அடங்குகிறது. வெளிமூச்சு நீண்டால் இதயம் அடங்கியிருக்கும் நேரமும் நீள்கிறது.

பிரஷருக்கு இன்னொரு ஏற்பாடு உண்டு. கழுத்தின் இரண்டு பக்கமும் மேலேறும் ரத்தக் குழாயிலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. குழாயின் சுவர் விரிந்தால் "அழுத்தம் கூடிவிட்டது" என்று மூளைக்குச் சேதி போகும். மூளை இதயத்தை மெதுவாக்கும், குழாய்களைத் தளர்த்தச் சொல்லும். ஆனால் இந்தச் சேதி போய்ப் பலன் தெரியச் சில வினாடிகள் பிடிக்கும். கன்னடியன் கால்வாயில் மடையைத் திறந்தாலும் கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்து சேர நேரமாகும் இல்லையா, அப்படித்தான். இந்தத் தாமதத்தால் நம் பிரஷருக்கு இயல்பாகவே ஏறத்தாழ 10 வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஒரு தாளம் இருக்கிறது. மூச்சையும் 10 வினாடிக்கு ஒன்று, அதாவது நிமிடத்துக்கு 6 என்று வைத்தால் இரண்டு தாளமும் ஒன்றாகச் சேர்கின்றன. அப்போது அந்த உணர்வு முனைகளின் கூர்மை கூடுகிறது, குழாய்களை இறுக்கும் நரம்புகளின் முறுக்கம் குறைகிறது. சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம்.

2001-இல் இத்தாலியில் லுச்சியானோ பெர்னார்டியின் குழு செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 23 பேரை லத்தீன் மொழியில் செபமாலை சொல்லவும், ஒரு திபெத்திய மந்திரத்தைச் சொல்லவும் வைத்து அளந்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 என்று தானாக இறங்கியது, உணர்வு முனைகளின் கூர்மையும் கூடியது. ஒருவர் முன்பாதி சொல்ல மற்றவர்கள் பின்பாதி சொல்லும் செபமாலையைப் பாளையங்கோட்டையில் கேட்டவர்களுக்கு அந்தத் தாளம் தெரியும். நெல்லையப்பர் கோயிலில் தேவாரத்தை இழுத்துப் பாடும்போதும் வெளிமூச்சுதான் நீள்கிறது. நம் பத்தமடையில் 1887-இல் பிறந்து, மருத்துவம் படித்து மலாயாவில் வேலை பார்த்து, பிறகு ரிஷிகேஷ் போன சுவாமி சிவானந்தர் பிராணாயாமத்தை ஊர் ஊராகப் பரப்பியதையும் நினைத்துக்கொள்கிறேன். மூச்சுப் பழக்கம் நம் மண்ணுக்குப் புதிதில்லை. அதை அளந்து பார்த்துச் செய்வதுதான் புதிது.

முதல் படி: உங்கள் அளவை ஒழுங்காகத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். அளவு தெரியாமல் மூச்சு பழகினால் பலன் இருக்கிறதா இல்லையா என்று சொல்லவே முடியாது.

மணிக்கட்டில் கட்டும் கருவியைவிட மேல்கையில் கட்டும் டிஜிட்டல் கருவி நம்பகமானது. பட்டை உங்கள் கைக்குப் பொருந்த வேண்டும், பருத்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி, டீ, பீடி, சிகரெட் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி நாற்காலியில் 5 நிமிடம் சும்மா இருங்கள். கால் மேல் கால் போடக் கூடாது. கை நெஞ்சு மட்டத்தில் ஒரு மேசை மேல் இருக்கட்டும். அளக்கும்போது பேசக் கூடாது, பேச்சே பிரஷரை ஏற்றும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கு முன்னால், மாலையில் சாப்பாட்டுக்கு முன்னால், ஏழு நாள். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி பாருங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அளக்கும்போது அந்த எல்லை 140/90.

அளக்கும் நேரத்தில் மூச்சுப் பயிற்சி செய்யாதீர்கள். ஜப்பானில் 20,000 பேருக்கு மேல் அளந்து பார்த்ததில், அரை நிமிடத்தில் 6 ஆழ்ந்த மூச்சு விட்டாலே பிரஷர் இறங்குவது தெரிந்தது, பிரஷர் உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதலாக. ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுகொண்டு "மெதுவா மூச்சு விட்டா டாக்டர் திட்டமாட்டார்" என்று அளவை இறக்கிக் காட்டினால், டாக்டர் தப்பான எண்ணைப் பார்த்து மாத்திரையை முடிவு செய்வார். நஷ்டம் நமக்குத்தான். அளக்கும்போது உங்கள் மூச்சு எப்படிப் போகிறதோ அப்படியே போகட்டும்.

இரண்டாம் படி: உட்காரும் விதம்

நாற்காலி போதும். சம்மணம் போட்டால் முதுகு கூனுகிறவர்கள் சம்மணம் போடவே வேண்டாம். படுத்துச் செய்ய விரும்பினால் பாயில் மல்லாந்து, முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள், வயிறு தளரும். இடுப்பில் வேட்டியோ பாவாடை நாடாவோ இறுக்கமாக இருந்தால் தளர்த்துங்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் இறுக்கிக் கட்டிய நாடாவோடு உதரவிதானம் கீழே இறங்க முடியாது.

சாப்பிட்டவுடன் வேண்டாம், இரண்டு மணி நேரம் போகட்டும். பலருக்கு ஒத்துவருவது மாலை விளக்கேற்றும் நேரம், அல்லது படுக்கப் போகும் முன்.

மூன்றாம் படி: மூச்சு

ஒரு கையை வயிற்றிலும் ஒரு கையை நெஞ்சிலும் வையுங்கள். முதல் இரண்டு நிமிடம் எதையும் மாற்றாமல் கவனியுங்கள். இழுக்கும்போது எந்தக் கை முதலில் எழும்புகிறது? நெஞ்சுக் கை என்றால் மேல் மூச்சு. வயிற்றுக் கை முதலில் எழும்ப வேண்டும். அதற்காக வயிற்றைத் தள்ளிக் காட்ட வேண்டாம், தளர விட்டாலே அது தானாக எழும்பும்.

இப்போது எண்ணிக்கை. எடுத்த எடுப்பில் 10 வினாடிக்குப் போகாதீர்கள், மூச்சுத் திணறும். மூக்கு வழியாக மூன்று எண்ணும் வரை இழுத்து, மூன்று எண்ணும் வரை விடுங்கள். அது சுலபமானதும் விடுவதை நான்காக்குங்கள், அப்புறம் ஐந்தாக்குங்கள். இரண்டு மூன்று வாரத்தில் நான்கு எண்ணி இழுப்பது, ஆறு எண்ணி விடுவது என்ற இடத்துக்கு வந்துவிடலாம். வினாடிக்கு ஒன்றாக எண்ணினால் அதுவே நிமிடத்துக்கு 6 மூச்சு. சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள்ளைப் பார்த்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், நம் எண்ணிக்கை பொதுவாக ஓடிவிடும். எண்ணப் பிடிக்காதவர்கள் தெரிந்த பாட்டின் ஒரு வரியை மூச்சு விடும்போது மெல்ல முணுமுணுக்கலாம்.

மெதுவான மூச்சும் பெரிய மூச்சும் ஒன்றல்ல. இங்கேதான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். நெஞ்சு நிறைய, சத்தம் கேட்க இழுத்துத் தள்ளினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். மூளைக்குப் போகும் குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும், உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துவது போல இருக்கும். அப்படி வந்தால் நிறுத்திவிட்டு வழக்கம்போல மூச்சு விடுங்கள், சரியாகிவிடும். அடுத்த முறை வேகத்தோடு அளவையும் குறையுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் மூச்சுச் சத்தம் கேட்காமல் இருந்தால் அளவு சரி.

பெரியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"ஏம்ப்பா, மூச்ச அடக்குனாத்தான பலன்? எங்க அய்யா அப்படித்தான செய்வாவ."

"இல்ல ஆச்சி, உங்களுக்குப் பிரஷர் இருக்கு, அடக்கவே வேண்டாம். விடுறத மட்டும் நீட்டுங்க, அது போதும்."

பூரகம் (இழுப்பது), கும்பகம் (அடக்குவது), ரேசகம் (விடுவது) என்று மூன்றாகப் பிரித்து 1:4:2 என்று சொல்லும் மரபுக் கணக்கு நமக்குத் தெரிந்ததுதான். அதிலும் விடுவது இழுப்பதைப் போல இரண்டு மடங்கு என்பதைக் கவனியுங்கள். பிரஷர் உள்ளவர்கள் அந்த இரண்டை எடுத்துக்கொண்டு நடுவில் இருக்கும் நான்கை விட்டுவிடலாம். கபாலபாதி, பஸ்திரிகா போல வேகமாகத் தள்ளும் மூச்சும் உங்களுக்கு வேண்டாம்.

முதல் வாரம் 5 நிமிடம், பிறகு 10, முடிந்தால் 15. தினமும் என்றால் நல்லது. வாரத்தில் நாலைந்து நாளுக்குக் குறைய விடாதீர்கள்.

நான்காம் படி: எவ்வளவு எதிர்பார்க்கலாம்

பயிற்சி செய்யும் அந்தச் சில நிமிடங்களில் பிரஷர் நன்றாகவே இறங்கலாம். 2005-இல் வந்த ஓர் ஆய்வில், பிரஷர் உள்ளவர்கள் நிமிடத்துக்கு 6 மூச்சு விட்டபோது மேல் அளவு ஏறத்தாழ 150-இலிருந்து 141-க்கு வந்தது. ஆனால் அது அந்த நேரத்து இறக்கம். வாரக்கணக்கில் பழகிய பிறகு நாள் முழுதும் நிற்கும் இறக்கம் அதைவிடக் குறைவு, ஆளுக்கு ஆள் மாறும், சிலருக்கு ஒன்றுமே இராது. மூச்சை மெதுவாக்க வழிகாட்டும் கருவிகளைப் பற்றி அமெரிக்க இதயச் சங்கம் 2013-இல் சொன்னதும் இதே தொனியில்தான்: மற்ற சிகிச்சையோடு சேர்த்துக்கொள்ளலாம். ஆறு வாரம், எட்டு வாரம் கழித்து முதல் படியில் சொன்னபடியே மறுபடி ஏழு நாள் அளந்து, பழைய சராசரியோடு ஒப்பிடுங்கள்.

தடையை எதிர்த்து மூச்சை இழுக்கும் கருவி ஒன்றும் உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2021-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 30 மூச்சு, வாரத்தில் ஆறு நாள் என்று ஆறு வாரம் செய்தவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 9 மி.மீ. குறைந்தது. நல்ல சேதிதான், ஆனால் அது அளந்து வைத்த தடை உள்ள கருவி. ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டு வீட்டில் நாமாகச் செய்து பார்ப்பது அதற்கு ஈடாகாது.

ஐந்தாம் படி: அன்றாடத்தில் மூச்சைக் கவனிக்க வேண்டிய இடங்கள்

மூச்சை அடக்கி முக்குவதுதான் பிரஷருக்கு ஆகாத முதல் விஷயம். தண்ணீர்க் குடத்தை இடுப்புக்கு ஏற்றும்போது, கேஸ் சிலிண்டரை நகர்த்தும்போது, நெல் மூட்டையைத் தூக்கும்போது, மலச்சிக்கலோடு கக்கூஸில் உட்காரும்போது, எல்லாவற்றிலும் நாம் தொண்டையை அடைத்து முக்குகிறோம். அந்த நொடியில் பிரஷர் சட்டென்று ஏறும், அப்புறம் இதயத்துக்கு ரத்தம் திரும்பாமல் இறங்கும், மூச்சை விட்டதும் மறுபடி எகிறும். வயதானவர்கள் கக்கூஸில் மயங்கி விழுவதற்கு இந்த ஆட்டமும் ஒரு காரணம். தூக்கும் நொடியில் வாய் வழியாக "ஹூ" என்று மூச்சை விட்டுக்கொண்டே தூக்குங்கள். மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, பழம் பாருங்கள். போதவில்லை என்றால் டாக்டரிடம் மருந்து கேளுங்கள், முக்காதீர்கள்.

குற்றாலத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். சீசனில் அருவிக்குள் சட்டென்று தலையைக் கொடுத்தால் நம்மை அறியாமல் ஒரு பெரிய மூச்சு உள்ளே போகும், நெஞ்சு படபடக்கும். திடீர்க் குளிருக்குத் தோல் கொடுக்கும் பதில் அது, நாடியும் பிரஷரும் சேர்ந்து ஏறும். முகத்தில் குளிர்ந்த தண்ணீர் படும்போது மூச்சை அடக்கினால் நேர் எதிராக நாடி இறங்கும். தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்களுக்குத் தண்ணீருக்கு அடியில் உதவுவது இந்த இரண்டாவது குணம். "ஓடு" என்ற கட்டளையும் "நில்" என்ற கட்டளையும் ஒரே நேரத்தில் வந்தால் பலவீனமான இதயத்தின் தாளம் தடுமாறக்கூடும். அதனால் முதலில் காலையும் கையையும் நனையுங்கள், பிறகு முகம், பிறகு அருவியின் ஓரம். உள்ளே போகும்போது மூச்சை அடக்காமல் நீளமாக விட்டுக்கொண்டே போங்கள். பிரஷர் கட்டுக்குள் வராதவர்களும் இதய நோய் உள்ளவர்களும் விழும் தண்ணீருக்கு நேர் அடியில் நிற்கவே வேண்டாம். அகஸ்தியர் அருவிக்கும் இதே கணக்குதான்.

ஆலங்குளம், முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் சுளகை மடியில் வைத்து மணிக்கணக்காகக் குனிந்து பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்காது. வயிறு மடிந்து உதரவிதானத்துக்கு இடமே இருக்காது, மூச்சு கழுத்துக்குக் கீழேயே நின்றுவிடும். சில கட்டு சுற்றியதும் சுளகை இறக்கிவைத்து, புகையிலைத் தூசி இல்லாத இடத்துக்கு வந்து, முதுகை நிமிர்த்தி ஐந்தாறு மூச்சு நீளமாக விடுங்கள். கூலி குறையாது, அரை நிமிடமோ ஒரு நிமிடமோதான்.

கோபம் வரும் இடங்களுக்கும் இதே ஐந்தாறு மூச்சு உதவும்.

குறட்டை விடுகிறவர்களுக்கு

பகலில் பதினைந்து நிமிடம் அழகாக மூச்சு விட்டுவிட்டு ராத்திரி முழுக்க மூச்சு நின்று நின்று வந்தால் என்ன பிரயோஜனம்? சத்தமான குறட்டை, நடுவில் மூச்சு நின்று பிறகு திணறி எழுவது, காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம் ஆகியவை இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயாக இருக்கலாம். ஒவ்வொரு தடையின்போதும் பிராண வாயு குறைந்து பிரஷர் எகிறுகிறது. இரண்டு மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் அடங்காதவர்களில் பலருக்குப் பின்னால் இது இருக்கிறது. இது தூங்குகிறவருக்குத் தெரியாது, பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்காரம்மா சொன்னால் சண்டை போடாமல் டாக்டரிடம் தூக்கப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

யார் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும்

இதயம் வீங்கியவர்கள், சமீபத்தில் மாரடைப்போ நெஞ்சு ஆபரேஷனோ ஆனவர்கள், மூச்சிரைப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பிரஷர் குறைந்து மயக்கம் வருகிறவர்கள். மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடுகிறது என்பவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு, எண்ணாமல், மெதுவாக நடந்துகொண்டே விடும் மூச்சை மட்டும் நீட்டிப் பார்க்கலாம்.

மாத்திரையும் 108-உம்

வீட்டு அளவு இறங்கிவிட்டது என்று நீங்களாக மாத்திரையைக் குறைக்காதீர்கள். எழுதி வைத்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள், அவர் குறைக்கட்டும். மாத்திரை வாங்க அலைய முடியாதவர்கள் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பற்றிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். கருவாடு, அப்பளம், மோர் மிளகாய், ஊறுகாய் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்தவைதான்.

கருவி 180/120-க்கு மேல் காட்டினால் 5 நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி அளவெடுங்கள். உடம்பில் வேறு எந்தத் தொந்தரவும் இல்லை, ஆனால் அளவு அப்படியே நிற்கிறது என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணுவது, ஒரு பக்கம் கை கால் விழுவது, பேச்சுக் குழறுவது, பார்வை மங்குவது, தாங்க முடியாத தலைவலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் மூச்சுப் பயிற்சிக்கு உட்கார வேண்டாம், கருவியைத் தேடவும் வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும் வரை அவரைத் தனியாக விடாதீர்கள், அவர் போடும் மாத்திரைச் சீட்டையும் அளவு நோட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.